ஸ்பெஷல் நாடகத்தில் ராஜபார்ட் போட வருகிறவர்களுக்கு

நோட்டீஸில் வரிசையாகப் போட்டோக்கள் இருக்கும். கதாநாயகனான ராஜபார்ட் புதுக்கோட்டைக்காரர், கதாநாயகியான ஸ்திரீபார்ட் மதுரை, நாரதர் காரைக்குடி, கோமாளியான பபூனும் அவரோடு ஆடுகிற டான்ஸும் திண்டுக்கல் பக்கம், ஆர்மோனியக்காரர் வேறொரு ஊர். நாடகத்தன்று ராத்திரி எட்டு மணிவாக்கில் ஒவ்வொருவராகப் பெட்டியும் பையுமாக பஸ்ஸிலிருந்து இறங்குவார்கள். அவர்களில் இரண்டு பேர் அன்றைக்குத்தான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். பத்து மணிக்கு ஆர்மோனியம் ஆரம்பித்துவிடும். விடிய விடிய வள்ளி திருமணம். இயக்குநர் கிடையாது, ஒத்திகை கிடையாது, மறைவில் நின்று வசனம் எடுத்துக்கொடுக்க ஆள் கிடையாது. பொழுது விடியும்போது வள்ளிக்குக் கல்யாணம் ஆகியிருக்க வேண்டும், அவ்வளவுதான் ஒப்பந்தம்.

ஸ்பெஷல் என்ற பெயரே இதனால் வந்ததுதான். அந்தக் காலத்துக் கம்பெனி நாடகத்தில் நடிகர் முதலாளியிடம் சம்பளத்துக்கு இருந்தார். அங்கேயே சாப்பாடு, அங்கேயே படுக்கை. இங்கே ஒவ்வொரு நடிகரையும் அந்த ஒரு ராத்திரிக்காகத் தனியாகப் பேசி அழைக்கிறார்கள். ஒத்திகை பார்க்காமல் நாடகம் நடக்கிறதென்றால் அதற்கு அடிப்படை சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) போட்டுக்கொடுத்தது. 1918-ல் மதுரையில் அவர் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபாவில் டி.கே.எஸ். சகோதரர்கள் மாதிரியான பையன்களுக்குப் பாட்டையும் வசனத்தையும் சொல்லிச் சொல்லி மனப்பாடமாக்கினார்கள். கம்பெனிகள் கலைந்தன, நாடகங்கள் கலையவில்லை. அந்தப் பாடம் எல்லோருக்கும் பொதுவாகிவிட்டதால்தான் முன்பின் தெரியாத இரண்டு பேர் மேடையில் சந்தித்து நான்கு மணி நேரம் பேசிப் பாட முடிகிறது.

ஆகவே பாடத்திலிருந்தே ஆரம்பிப்போம். பவளக்கொடி, அரிச்சந்திரா, சத்தியவான் சாவித்திரி, கோவலன், அல்லி அர்ஜுனா எல்லாம் பிறகு. முதல் வருஷம் வள்ளி திருமணம் ஒன்றை மட்டும் பிடியுங்கள். கோயில் திருவிழாவில் ஊரார் அதிகம் கேட்பது அதைத்தான். கல்யாணத்தில் முடிகிற கதை என்பதால் மங்களகரம் என்று நினைக்கிறார்கள். ராஜபார்ட் போடுகிறவர் முருகனுக்கு உண்டான பாட்டை மட்டும் படித்துவிட்டு வந்தால் போதாது. நாரதர் பாட்டும் தெரிய வேண்டும், வள்ளி பாட்டும் தெரிய வேண்டும். பாடத் தெரியாவிட்டாலும் எங்கே தொடங்கும், எங்கே முடியும், என்ன ராகம் என்றாவது தெரிந்திருக்க வேண்டும். எதிரில் நிற்பவர் ஒரு பாட்டைத் தாவிவிட்டால் நீங்கள் எங்கே போய்ச் சேர வேண்டும் என்று உங்களுக்குச் சொல்ல அங்கே யாரும் இல்லை.

பாடத்தில் மூன்று தட்டு உண்டு. பாட்டும், தாளமில்லாமல் பாடுகிற விருத்தமும் மாறாது; ஒரு சொல் மாறினாலும் ஆர்மோனியக்காரர் நிமிர்ந்து பார்ப்பார். வசனம் பாதி மாறும், பாதி மாறாது: காட்சி எதில் தொடங்கி எதில் முடிய வேண்டும் என்பது கட்டு, நடுவில் உங்கள் திறமை. மூன்றாவது தர்க்கம், இரண்டு பாத்திரங்கள் கேள்வியும் பதிலுமாக மோதுவது. அது கிட்டத்தட்ட முழுக்க அந்த நேரத்தில் பிறப்பது. புதிதாக வருகிறவர்கள் மூன்றாவதைப் பார்த்து மயங்கி முதலாவதை விட்டுவிடுகிறார்கள். பாட்டு நோட்டில் முப்பது நாற்பது பாட்டு கையால் எழுதி, தாளம் தட்டிப் பாடி, ராத்திரி இரண்டு மணிக்கு எழுப்பிக் கேட்டாலும் வரும் என்ற நிலைக்கு வராமல் தர்க்கத்தில் இறங்கினால் ஒரே ராத்திரியில் பெயர் கெடும். நாடக நடிகர் சங்கத்தில் அந்தப் பேச்சு பரவ இரண்டு நாள் ஆகாது.

அடுத்து சுருதி. இந்தத் தொழிலில் ஆட்கள் அதிகம் சறுக்குகிற இடம் இதுதான் என்பது என் கணிப்பு.

சுருதியைக் கட்டைக் கணக்கில்தான் சொல்வார்கள். ஆர்மோனியத்தில் சி கட்டை ஒன்று, டி இரண்டு, இ மூன்று, எஃப் நான்கு, ஜி ஐந்து. இடையில் உள்ள கறுப்புக் கட்டைகள் ஒன்றரை, இரண்டரை, நாலரை என்று போகும். ஆண் குரல் ஒரு கட்டையிலோ இரண்டு கட்டையிலோ நிற்கும். பெண் குரல் நாலிலிருந்து ஐந்தரைக்குள். நாடக நடிகர் எஸ்.ஜி. கிட்டப்பா காலத்தில் மைக் கிடையாது. கொட்டகையின் கடைசி வரிசை வரை எட்ட வேண்டுமென்பதற்காக ஆண்களும் உச்ச சுருதியில் பாடினார்கள். அந்தப் பழக்கம் மேடையில் ஒரு கௌரவமாகவே தங்கிவிட்டது. மைக் வந்து இத்தனை காலம் ஆகியும் 'எத்தனை கட்டை?' என்று கேட்டால் அரைக் கட்டை கூட்டிச் சொல்கிற வீம்பு இன்னும் போகவில்லை. வீட்டில் சாயங்காலம் குளித்துவிட்டுப் பாடும்போது வருகிற கட்டையைச் சொல்லாதீர்கள். பின்னிரவு மூன்று மணிக்கு, பனியில், பேசிக் களைத்த தொண்டையில் மேல் பஞ்சமம் ('ப') எந்தக் கட்டையில் நிற்கிறதோ அதுதான் உங்கள் கட்டை. பெரும்பாலும் வீட்டுக் கட்டையிலிருந்து அரை இறங்கும்.

இனி, ஆணும் பெண்ணும் மாறி மாறிப் பாடுகிற தர்க்கத்தில் யார் சுருதி? ஆர்மோனியக்காரர் விரலை நகர்த்திவிடுவார், அவருக்குக் கஷ்டமில்லை. மிருதங்கம் அப்படியில்லை. அதைக் கல்லால் தட்டிச் சுருதி கூட்டப் பல நிமிஷம் பிடிக்கும். அதனால்தான் நல்ல மிருதங்கக்காரர் கீழ்ச் சுருதிக்குத் தக்கு ஒன்று, மேல் சுருதிக்கு ஹெச்சு ஒன்று என்று இரண்டு கொண்டுவருகிறார். ஆனாலும் பாட்டுக்குப் பாட்டு மாற்றிக்கொண்டிருக்க முடியாது. இதற்குப் பழைய ஆட்கள் கண்ட வழி மத்திம சுருதி. ராஜபார்ட் ஒரு கட்டையில் நின்றால் ஸ்திரீபார்ட் நாலு கட்டையை சட்ஜமமாக ('ச') எடுத்துக்கொள்வார். அந்த நாலு கட்டை ராஜபார்ட்டுக்கு மத்திமம் ('ம'). அவருடைய ஒரு கட்டை ஸ்திரீபார்ட்டுக்குப் பஞ்சமம். ஆர்மோனியத்தில் அந்த இரண்டு கட்டையையும் பிடித்துக்கொண்டே இருந்தால் இருவருக்கும் ஆதாரம் கிடைத்துவிடும், மிருதங்கமும் உறுத்தாது. ஸ்திரீபார்ட் ஐந்து கட்டைக்காரர் என்றால் நீங்கள் இரண்டு கட்டைக்கு ஏறினால்தான் இந்தக் கணக்கு சரியாக வரும். ஏற முடியாதென்றால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஒரு கட்டையும் ஐந்து கட்டையும் சட்ஜமம்–பஞ்சமமாக நின்று ஓடும். அப்போது எந்தப் பாட்டை யார் எடுப்பது என்று மட்டும் பேசிக்கொள்ள வேண்டும்.

இதை எப்போது பேசுவது? அரிதாரம் பூச உட்காருவதற்கு முன்பு. ஊருக்குள் வந்ததும் முதலில் ஆர்மோனியக்காரரைப் போய்ப் பாருங்கள். 'அண்ணே வணக்கம், எனக்கு ஒன்றரை. அக்காவுக்கு எத்தனைண்ணே?' என்று கேட்க ஒரு நிமிஷம் ஆகாது. அவருக்கு வயது உங்களைவிடக் குறைவாக இருந்தாலும் 'அண்ணே'தான். மேடையில் உங்களுக்குப் பின்பாட்டுப் பாடுகிறவர் அவர். நீங்கள் மறந்த வரியை ஆலாபனை மாதிரி இழுத்து நினைவுபடுத்துகிறவரும் அவரே. அவரைப் பகைத்துக்கொண்டு யாரும் இந்தத் தொழிலில் நீடித்ததில்லை.

மேடையேறிய பிறகு ராத்திரி எப்படிப் பிரிகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். முதலில் வாத்தியக்காரர்களின் கடவுள் வணக்கம். பத்தரைவாக்கில் பபூன் தனியாக வருவார். பிறகு டான்ஸ் வருவார். இரண்டு பேருமாகக் கேலியும் பாட்டுமாகப் பன்னிரண்டு, சில ஊரில் பன்னிரண்டரை வரை கொண்டுபோவார்கள். கூட்டத்தை உட்கார வைப்பது அந்த இரண்டு மணி நேரம்தான். பபூன் பார்ட்டை இளக்காரமாகப் பேசுகிற ராஜபார்ட்டுகள் நிறையப் பேர் இருக்கிறார்கள். பபூன் சரியில்லாத நாடகத்தில் பன்னிரண்டரைக்கு மேடையேறிப் பாதி காலியான பாயைப் பார்த்துப் பாடச் சொன்னால் பேச்சு மாறிவிடும். அதன்பின் தினைப்புனம் காக்க வள்ளி வருகிறாள். நாரதர் வருகிறார், நாரதர்–வள்ளி தர்க்கம். நாரதர் போய் முருகனிடம் வள்ளியின் அழகைச் சொல்ல, வேடனாக முருகன் வந்து ஒரு தர்க்கம், பிறகு விருத்தராக, அதாவது கிழவராக, வந்து ஒரு விளையாட்டு, யானை, கல்யாணம்.

சிக்கல் நாரதர்–வள்ளி தர்க்கத்தில்தான் முளைக்கும். ஆண் உயர்ந்தவனா பெண் உயர்ந்தவளா, இல்லறமா துறவறமா என்று கேள்வி போகும். கந்தபுராணம், திருப்புகழ், சித்தர் பாடல், குறள் எல்லாம் வந்து விழும். கைதட்டலும் விசிலும் ஏற ஏற இரண்டு பேருக்குமே விட்டுக்கொடுக்க மனசு வராது. நடுவில் அன்பளிப்பு வேறு: யாராவது மேடைக்கு வந்து நூறு ரூபாய் கொடுப்பார், கொடுத்தவர் பெயரை மைக்கில் சொல்ல வேண்டும், அவர் மச்சான் உடனே இருநூறோடு வருவார். இப்படியே மூன்றரை மணியாகிவிடும். ராஜபார்ட் உள்ளே வேடன் வேஷத்தில் ஒன்றரை மணியிலிருந்து வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். மிச்சமிருப்பது இரண்டு மணி நேரம். அதற்குள் வேடன், விருத்தர், யானை, கல்யாணம் எல்லாவற்றையும் அடக்க வேண்டும்.

இதற்கு இரண்டு வழி. ஒன்று, தர்க்கத்துக்கு எத்தனை மணி வரை என்று நாரதரோடு ஒப்பனை அறையிலேயே பேசிவிடுவது. இன்னொன்று, வெட்டத் தெரிந்து வைத்திருப்பது. வேடன் தர்க்கத்தில் கேள்விகளைக் குறைக்கலாம், விருத்தர் சாப்பாட்டு விளையாட்டைச் சுருக்கலாம். ஆனால் ஊரார் காத்திருக்கிற அந்த இரண்டு மூன்று பாட்டைத் தொடக் கூடாது. அதைக் கேட்பதற்கென்றே போர்வையைப் போர்த்திக்கொண்டு விழித்திருக்கிற கிழவிகள் முன்வரிசையில் இருப்பார்கள். மறுநாள் ஊரில் அவர்கள் சொல்வதுதான் தீர்ப்பு.

தர்க்கத்தில் முறை என்றொன்று உண்டு. எதிராளி பதில் சொல்ல முடியாதபடி கேட்பது திறமை என்று நினைக்கிறார்கள், அது வம்பு. உங்கள் கேள்வியிலேயே அவர் பிடித்துக்கொண்டு ஏற ஒரு கொம்பு இருக்க வேண்டும். பாட்டை முடிக்கப் போகிறீர்கள் என்றால் கடைசி வரியை ஒருமுறைக்கு இரண்டு முறை திருப்பி, மிருதங்கக்காரர் பக்கம் ஒரு பார்வை. அவர் தீர்மானம் வைத்து முடிப்பார். அந்தப் பார்வை இல்லாமல் சட்டென்று நிறுத்தினால் மிருதங்கம் தனியாக ஓடி நிற்கும், எதிராளியும் எடுக்கத் தடுமாறுவார். கேட்கிறவர்களுக்கு என்ன தப்பு என்று சொல்லத் தெரியாது. ஏதோ சரியில்லை என்று தெரியும்.

மைக்கைப் பற்றி ஒரு வார்த்தை. மேடையில் ஸ்டாண்டு மைக் இரண்டோ மூன்றோ இருக்கும், வெளியே கூம்பு ஒலிபெருக்கி. அந்தக் கூம்பு அடிக்குரலை விழுங்கிவிட்டு மேல் சத்தத்தை மட்டும் துப்பும். அதனால் 'ழ', 'ள', 'ண' எல்லாம் வீட்டில் சொல்வதைவிட அழுத்தமாகச் சொல்ல வேண்டும். பேச்சுக்கு ஒரு சாண் தூரம், மேல் ஸ்தாயிக்கு ஒரு முழம் பின்னால். வள்ளியைப் பார்த்துப் பேசுகிறேன் என்று முழுதாகத் திரும்பினால் உங்கள் குரல் மைக்கைத் தாண்டிப் போய்விடும். உடம்பு வள்ளி பக்கம், வாய் மைக் பக்கம். பழைய நடிகர்கள் ஏன் எப்போதும் சற்றுக் கோணலாக நிற்கிறார்கள் என்று கேலி செய்கிறவர்களுக்கு இது தெரிவதில்லை.

வேஷம் அவரவர் பொறுப்பு. பெட்டியில் முருகனுக்குக் கிரீடமும் ஜிகினா வைத்த வெல்வெட் உடுப்பும், வேடனுக்கு வில், தலைப்பாகை, விருத்தருக்கு வெள்ளைத் தாடி, டோப்பா, காவி, கோல். இதுபோக ஊக்கு இரண்டு அட்டை, ஊசி நூல், சின்னக் கண்ணாடி, பவுடர், ரூஜ், மை, தேங்காய் எண்ணெய், பழைய வேட்டித் துணி, டார்ச். வேடனிலிருந்து விருத்தராக மாறப் பத்து நிமிஷம் கிடைத்தால் அதிர்ஷ்டம். அங்கே கெடுவது எப்போதும் தாடிதான். வியர்வை மேல் ஸ்பிரிட் கம் ஒட்டாது. தாடைப் பகுதியை உலர்ந்த துணியால் அழுத்தித் துடைத்து, பசையைத் தடவி, கையில் பிசுபிசுப்பு வரும் வரை பொறுத்து, பிறகு தாடியை வைத்து அழுத்த வேண்டும். அவசரத்தில் ஈரப்பசையிலேயே வைத்தால் முதல் விருத்தம் முடிவதற்குள் ஒரு பக்கம் தொங்கும். காதில் மாட்டுகிற கம்பி வைத்த தாடி பார்க்கச் சுமார்தான், ஆனால் விழாது. சித்திரை, வைகாசி வெக்கையில் கம்பித் தாடியே மேல்.

சாப்பாட்டு விஷயத்தில் ஊராரின் அன்பு ஆபத்தானது. கிடா வெட்டிய ஊரில் ஒன்பது மணிக்கு இலை போட்டு உட்கார வைப்பார்கள். வயிறு முட்டச் சாப்பிட்டால் பன்னிரண்டு மணிக்கு மேல் புளித்த ஏப்பம் தொண்டைக்கு வரும், மேல் ஸ்வரம் கரகரக்கும். எட்டு மணிக்கே இட்லியோ ரசம் சாதமோ முடித்துவிட்டு, 'நாடகம் முடிஞ்சு சாப்பிடுறேன் மாமா' என்று சொல்லித் தப்பிக்க வேண்டும். இடையில் சுடுதண்ணீர், மிளகு தட்டிப்போட்ட பால், பனங்கற்கண்டு. அதிமதுரம் வாயில் அடக்கிக்கொள்ளலாம். மற்ற திரவத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. அதனால் பார்ட் இழந்தவர்கள் பட்டியல் ஒவ்வொரு சங்கத்திலும் வாய்மொழியாக இருக்கிறது.

தேதி விவகாரத்துக்கு வருவோம். ஊரார் சங்கத்துக்கோ நாடக அமைப்பாளரிடமோ வந்து நாடகம், தேதி, நடிகர்கள் மூன்றையும் பேசி முன்பணம் கொடுக்கிறார்கள். அமைப்பாளர் ஒவ்வொரு நடிகரையும் பிடிப்பார். உங்கள் டைரியில் தேதி, ஊர், எந்த பஸ், நாடகம், பார்ட், எதிரில் யார், பேசிய சம்பளம், வாங்கிய முன்பணம் எல்லாம் அன்றைக்கே ஏற வேண்டும். பங்குனி உத்திரம் மாதிரி நாளில் பத்து ஊரில் ஒரே ராத்திரி நாடகம் கேட்பார்கள். ஒரு தேதியை இரண்டு பேருக்குக் கொடுத்தால் சங்கத்தில் பஞ்சாயத்து, அபராதம், எல்லாவற்றையும்விட நோட்டீஸில் போட்டோ போட்ட ஊரில் அவமானம். மீதிச் சம்பளத்தை விடிவதற்கு முன் கையில் வாங்கிவிடுங்கள். மங்களம் பாடியபின் பொறுப்பாளர்களைத் தேடினால் பாதிப் பேர் தூங்கப் போயிருப்பார்கள்.

மாசி பிற்பகுதியிலிருந்து ஆடி, ஆவணி வரைதான் வேலை. மழை பிடித்துவிட்டால் ஐப்பசி, கார்த்திகை, மார்கழி கிட்டத்தட்டக் காலி. அந்த மூன்று மாதக் குடும்பச் செலவைச் சித்திரையிலேயே ஒதுக்காதவர் அமைப்பாளரிடம் கடன் வாங்குவார். அடுத்த பங்குனியில் அந்தக் கடனுக்கு அவர் சொன்ன தேதி, அவர் சொன்ன சம்பளம். நல்ல குரலோடு வந்து கடைசிவரை ஏற்றமே காணாதவர்களில் பலருக்குக் காரணம் பாட்டு இல்லை, இந்தக் கடன்.

இப்போது இன்னொரு தொல்லை சேர்ந்திருக்கிறது. 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி ராத்திரி 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது. விழா நாட்களில் 12 வரை அரசு தளர்த்தலாம், அதுவும் வருஷத்துக்கு 15 நாளுக்கு மேல் இல்லை. விடிய விடிய நடப்பதையே இலக்கணமாகக் கொண்ட நாடகத்துக்கு இது கழுத்தில் கத்தி. எத்தனை மணி வரை அனுமதி என்று அமைப்பாளரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். நேரம் குறைவென்றால் நாடகத்தை ஏழு மணிக்கே எடுத்து, பபூன்–டான்ஸை முக்கால் மணி நேரத்துக்குள் முடித்து, ஒரே தர்க்கமாகச் சுருக்க வேண்டியிருக்கும். ஐந்து மணி நேரப் பாடத்தை மட்டும் தெரிந்தவருக்கு அந்த ராத்திரி திண்டாட்டம். மூன்று மணி நேர வள்ளி திருமணம் ஒன்றையும் தனியாக நோட்டில் எழுதி வைத்திருப்பது நல்லது.

வயது பற்றி. பையன் கம்பெனிக் காலத்தில் மகரக்கட்டு வந்து குரல் உடைந்தவுடன் பார்ட் போய்விடும். இப்போது அந்தப் பயமில்லை. குரல் உடைந்து பதினேழு பதினெட்டில் ஒரு நிலைக்கு வந்தபின் ராஜபார்ட்டுக்குப் பழகத் தொடங்கினால் போதும். அதற்கு முன் உச்சத்தில் கத்திப் பழகியவர்களுக்குக் குரல் நிரந்தரமாகத் தடித்துப்போகிறது. ராஜபார்ட்காரர் அறுபது வரைகூட முருகனாக நிற்கலாம், யாரும் கேட்பதில்லை. ஸ்திரீபார்ட் போடுகிற பெண்ணுக்கு நாற்பதைத் தொட்டாலே 'வேற ஆள் இல்லையா' என்று கேட்டுவிடுகிறார்கள். ஒரே மேடையில் இரண்டு பேரும் நின்றாலும் இந்தக் கணக்கு மட்டும் வேறு. போதாததற்கு, ராத்திரி வேலைக்குப் போகிற பெண் என்ற பேச்சு. துணைக்கு ஆள் கூட்டிக்கொண்டு வரும் செலவும் அவர் சம்பளத்திலேயே கழியும். அந்தச் செலவைத் தனியாகப் பேசி வாங்குகிற வழக்கம் இனிமேலாவது வர வேண்டும்.

விடிந்ததும் முகத்தில் தேங்காய் எண்ணெயைப் பூசி, அரிதாரத்தைத் துணியால் வழித்து, பிறகுதான் தண்ணீர். நேராகத் தண்ணீர் போட்டால் ஓரங்களில் மிச்சம் தங்கித் தோல் கறுக்கும். முதல் பஸ்ஸில் பேச்சுக் கொடுக்கிறவர்களிடம் சைகையால் மன்னிப்புக் கேட்டுவிட்டு ஜன்னல் பக்கம் துண்டைக் கழுத்தில் சுற்றி உட்காருங்கள். அன்று ராத்திரியே அடுத்த ஊர் இருந்தால் பத்து மணி முதல் மூன்று மணி வரை தூக்கம், நான்கு மணிக்கு ஒரு கட்டையில் மெதுவாகக் கால் மணி நேரம் 'ஆ' என்று இழுத்துப் பாடும் அகாரம். அதில் மேல் சட்ஜமம் வழுக்கினால், போய் இறங்கியதும் ஆர்மோனியக்காரரிடம் சொல்ல வேண்டியது: 'அண்ணே, இன்னிக்கு அரைக் கட்டை இறக்கிக்குங்க.'